அமுத்து, பிடி, விடு

அமுத்து என்கிறார் வீட்டுக்காரர், அமுத்துகிறேன். பிடி என்கிறார், பிடித்துக்கொள்கிறேன். பின்பக்கம் இடது சக்கரம் இருந்த இடத்தில் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு ஸ்பானரைத் திருப்புகிறார், திருப்பியதும் என் பாதத்துக்குக் கீழே பிரேக் பெடல் மெதுவாக இறங்குகிறது, இறங்கித் தரையை முட்டியதும் மூச்சுக்கூட விடாமல் அப்படியே அழுத்திக்கொண்டு இருக்கவேண்டும், பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுகிற நிப்பிளை அவர் மூடிவிட்டு விடு என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கலாம், அதற்கு முன்னால் எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், காலையிலிருந்து பார்த்த வேலை எல்லாம் பாழ், இதை எனக்கு ஒண்ணாப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்லியாகிவிட்டது. விடு என்கிறார், விடுகிறேன். விட்டதும் முழங்காலுக்குள் சுண்டி இழுக்கிறது. சில்லு உடைந்து கம்பி போட்டுக் கட்டிய முழங்கால். எந்த வண்டியில் உடைந்ததோ அதே வண்டியில், எந்த மனுஷன் உடைத்தாரோ அதே மனுஷன் அமுத்து அமுத்து என்று சொல்ல, அதே காலால் அமுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என்னைத்தான் செருப்பால் அடிக்கவேண்டும். வலித்தால் இடது காலை வைத்துக்கொள் என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னார். இந்தச் சீட்டில் இடது காலைக் கொண்டுவர வேண்டுமென்றால் உடம்பையே பிழிந்து திருப்பவேண்டும், வண்டியா இது, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் ஒரு பள்ளம், ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர், ரெண்டே சீட்டு, மூணாவது ஆளுக்கு இடமில்லை, பிள்ளை பெற்ற வீட்டில் ரெண்டு சீட்டு வண்டி வாங்குகிற புத்தி எவனுக்கு வரும் என்று வாங்கிய அன்றைக்கே கேட்டேன், சிரித்தார். வழக்கமாக இந்த வேலைக்கெல்லாம் பட்டறை மாரப்பன் வந்துவிடுவார். அவர் வீட்டுக் குலதெய்வத்துக்குக் கிடாவெட்டு, காங்கயத்துக்குப் போய்விட்டார், எங்களையும்தான் கூப்பிட்டிருந்தார், இந்நேரம் அங்கே இலை போட்டுச் சோறு பரிமாறிக்கொண்டிருப்பார்கள். போகக்கூடாது என்று சொல்லிவிட்டார் இவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் அபி இந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறாள், அதற்குள் பெட்டி இல்லாமல் வண்டி தயாராகிவிட வேண்டும்.

பெட்டி. அதற்கு ஏபிஎஸ் என்று ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர் இருக்கிறது, அந்தப் பெயர் இவர் வாயில் வருவதே இல்லை, பெட்டி, அந்தப் பெட்டி, அவ்வளவுதான், சண்டை போட்ட பங்காளியைப் பெயர் சொல்லாமல் பேசுவார்களே அந்த மாதிரி. நேற்று சாயங்காலம் அதைக் கழற்றி வெளியே எடுத்தபோது முகத்தைப் பார்க்கவேண்டுமே, பல் பிடுங்கிக்கொண்டவர்கூட அவ்வளவு நிம்மதியாக இருக்கமாட்டார். கையகல அலுமினியக் கட்டி, அதன் தலையில் குழாய்கள் போன ஓட்டைகள், பார்த்தால் பாவமாக இருந்தது. அது என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்த மாதங்களில் போனில் பார்த்துப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன். ஓடுகிற வண்டியில் பிரேக்கை ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஈர ரோட்டில் வண்டி சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், அப்படிப் போகாமல் இருக்க அந்தப் பெட்டி பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடும், அப்போது காலுக்கடியில் பெடல் டகடகவென்று ஆடும், ஆடினால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். பயந்துவிடாமல் இன்னும் அழுத்தி மிதிக்கவேண்டும். இவ்வளவுதான் விஷயம், ஆறு வயசுப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும். அமுத்து. அமுத்துகிறேன். பிடி. பம்ப் செட் செய்து ஊரெல்லாம் விற்கிற மனுஷனுக்கு, தண்ணீர் எந்த வால்வில் ஏறும் எந்த வால்வில் இறங்கும் என்று சத்தத்திலேயே சொல்கிற மனுஷனுக்கு இது புரியாதா, புரியும், நன்றாகப் புரியும், அதுதான் எனக்கு எரிகிறது. விடு. பெட்டியைக் கழற்றியதும் வண்டி சும்மா இருக்கவில்லை, சாவியைத் திருப்பினால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிகிறது, என்னைக் காணோம் என்னைக் காணோம் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது, இவர் என்ன செய்தார் என்றால் கறுப்பு டேப்பில் ஒரு துண்டு கிழித்து அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டார். சன்னலை இறக்குவதற்காகச் சாவி திருப்பியபடியே இருக்கிறது, டேப்பின் ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் கசிகிறது, நான் நகத்தால் அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

பொள்ளாச்சிக் கல்யாணம். அதைப்பற்றி நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அங்கேதான் போய் நிற்கிறது மனசு. இவருடைய சித்தப்பா பேத்தி கல்யாணம், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வெற்றிலையும் போட்டுக்கொண்டு கிளம்பினோம், வாசலில் தாம்பூலப் பை கொடுத்தார்கள், மஞ்சள் பை, உள்ளே தேங்காய், பெரிய தேங்காய், பொள்ளாச்சித் தேங்காய்க்குக் கேட்கவா வேண்டும். இந்த வண்டியில் பின்சீட்டு ஏது, காலடியில் வைத்திருந்தேன். கிணத்துக்கடவு தாண்டியதும் முதல் மழை, பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து காற்று அடித்து நாலே சொட்டாக ஆரம்பித்து ரோடு பூராவும் எண்ணெய் தடவியதுபோல மினுமினுவென்று ஆகிவிட்டது. மெதுவாகப் போங்க என்றேன். எனக்கு ரோட்டைப் பற்றிச் சொல்லித் தராதே என்றார். ஒரு வளைவில் பை சரிந்து தேங்காய் உருண்டு அவர் பக்கம் போய்விட்டது, பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும், எனக்குத் திக்கென்றது, பெல்ட்டை இளக்கிவிட்டுக் குனிந்து கையை நீட்டித் தேங்காயைப் பிடித்துவிட்டேன், பிடித்துவிட்டேன், அது என் கையில்தான் இருந்தது, குடுமியோடு என் கைக்குள் இருந்தது, இதை எந்தச் சாமி முன்னாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். முன்னால் ஏதோ டெம்போ நின்றிருக்கிறது, நான் பார்க்கவில்லை, நான் பார்த்தது அவர் காலைத்தான். என் முகத்துக்கு ஒரு முழத்தில் அவர் வலது கால், வேட்டிக்கரை மேலே ஏறி, கட்டைவிரலில் அந்தப் பழைய வெட்டுத் தழும்பு. கால் பிரேக்கில் இறங்கியது. பெடல் டகடகவென்று ஆடியது, ஆடுகிற சத்தம் என் காதுக்குக் கேட்டது. கால் மேலே வந்துவிட்டது. சுடுகிற தோசைக்கல்லைத் தொட்டதுபோல வெடுக்கென்று மேலே வந்துவிட்டது. காற்றில் நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், மிதிங்க என்று சொல்ல வாய் வரவில்லை, சொல்ல நேரமும் இல்லை. அப்புறம் டெம்போ. அவர் பக்கம் மட்டும் காற்றுப்பை ஊதியது, பழைய வண்டி, என் பக்கத்துக்குப் பை கிடையாது. என் முட்டி, ரெண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த இரும்பில் போய் அறைந்தது. தேங்காய் அப்போதும் கையில் இருந்தது என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிச் சிரித்தது.

அமுத்து. இப்போது சக்கரம் மாறிவிட்டார், பின்னால் வலது பக்கம். முன்னால் பானெட்டைத் தூக்கி வைத்திருக்கிறது, அதன் அடியில் தெரிகிற ஒரு விரற்கடை இடைவெளியில் அபியின் கை மட்டும் தெரிகிறது, மணிக்கட்டில் மருதமலையில் கட்டிய கயிறு, பிரேக் ஆயில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு டப்பாவில் அளவு குறையக் குறைய ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்பா, ஊத்தட்டுங்களா என்கிறாள், ஊத்து கண்ணு என்கிறார், அந்தக் குரலில் எவ்வளவு வாஞ்சை, எனக்கு அமுத்து பிடி விடு, அவளுக்குக் கண்ணு. பிடி. பிடித்திருக்கிறேன். அடிபட்ட மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், நான் முழுசா மிதிச்சேனுங்க, கால எடுக்கவே இல்ல, வண்டிதான் விட்டுருச்சு. காலடியில் பெடல் ஆடிச்சாம், ஆடிப் பிரேக்கையே வெளியே தள்ளிவிட்டதாம், பெட்டிதான் காட்டிக்கொடுத்ததாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை. நான் மருந்து மயக்கத்தில் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ராத்திரி யாரும் இல்லாதபோது என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார், தேம்பித் தேம்பி அழுதார், எனக்கு மனசு இளகிவிட்டது, போகட்டும், பயத்தில் எடுத்துவிட்டார், மனுஷன்தானே, ஊர் முன்னால் எப்படிச் சொல்வார் என்று நானே அவருக்காக வக்கீல் வேலை பார்த்தேன். இளகியது தப்பு. அழுதது அந்த ஒரு ராத்திரியோடு சரி, கதை மட்டும் வளர்ந்தது. அடுத்த கல்யாணத்தில் மிதித்தவர் அதற்கடுத்த சீரில் நின்று நிதானமாக மிதித்தார், டெம்போக்காரன் லைட் போடாமல் நின்றான், மழை ஆளை மறைத்தது, கடைசியாக நான் வந்து சேர்ந்தேன், இவ வேற அந்த நேரம் பாத்துத் தேங்கா பொறுக்கிட்டிருக்கா என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு. விடு.

விட்டுவிட்டேன், எல்லாவற்றையும்தான் விட்டேன், ஒரே ஒரு தடவை விடவில்லை. கட்டுப் பிரித்து நடக்கப் பழகிய நாட்களில் ஒரு சாயங்காலம் மாடியில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது மெதுவாகக் கேட்டேன், ஏனுங்க, அன்னைக்கு நீங்க கால எடுத்தீங்களே என்று. குற்றம் சாட்டக்கூட இல்லை, எங்கள் ரெண்டு பேருக்குள் அது உண்மையாக இருந்தால் போதும் என்றுதான் கேட்டேன். அவர் நின்று என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். அடிபட்ட அதிர்ச்சியில உனக்கு அப்படித் தோணுது கோகிலா, டாக்டர்கிட்டச் சொல்லலாம் என்றார். டாக்டரிடம் சொல்லலாமாம். என் கண்ணால் பார்த்ததை என் மூளைக் கோளாறு என்று சொல்லி எனக்கே மாத்திரை வாங்கித் தரப் பார்த்தார். கொஞ்ச நாள் நானே நம்பிவிட்டேன் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கண்ணை மூடிப் பார்ப்பேன், கால் வெடுக்கென்று மேலே வரும், இல்லை இது நானாகச் சேர்த்துக்கொண்டது என்று சொல்லிக்கொள்வேன், மறுபடியும் மூடுவேன், கட்டைவிரல் தழும்பு வரைக்கும் தெரியும், நானாகச் சேர்த்தால் தழும்பைச் சேர்ப்பேனா. அமுத்து. சர்வீஸ் சென்டரில் வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்றார்கள், அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க என்று சொல்லிவிட்டார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. பிடி. பிடித்துக்கொண்டு இருக்கிறேன், பெடல் இறங்கிக்கொண்டே போகிறது, எவ்வளவு தூரம்தான் போகும் இது.

அவர் ஏன் எடுத்தார் என்றும் எனக்குத் தெரியும். அதுதான் இதில் பெரிய வேடிக்கை. இளவட்டத்தில் ரேஸ் ஓட்டினவர், எங்கள் ஹாலில் கோப்பைகளோடு போட்டோ இருக்கிறது, மீசை கூட ஒழுங்காக முளைக்காத முகம், பெண் பார்க்க வந்தபோது என் அண்ணனிடம் அரை மணி நேரம் வளைவில் பிரேக் போடுவதைப்பற்றியே பேசிக்கொண்டிருந்தார், காப்பி ஆறிப்போய்விட்டது. அந்தக் காலத்து வண்டியில் பெட்டி ஏது, சக்கரம் பூட்டினால் காலில் தெரியும், தெரிந்ததும் காலை எடுத்து மறுபடி வைக்கவேண்டும், எடுத்து எடுத்து மிதிக்கவேண்டும், அது அவர் காலுக்கு ஊறிப்போன பழக்கம். பெடல் ஆடியதும் அந்தப் பழைய கால் ஏதோ பூட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும். இதைச் சொல்லியிருந்தால் யார் சிரிக்கப் போகிறார்கள், ஊரே உச்சுக்கொட்டியிருக்கும், நான் அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். பயந்தது தப்பில்லை, எடுத்தது தப்பில்லை, என் முட்டி போனதுகூடப் போகட்டும். ஆனால் எடுத்த காலை எடுக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பொய்க்குச் சாட்சியாக இப்போது வண்டியையே அறுத்துக்கொண்டிருக்கிறாரே. பெட்டி இருக்கிற வரைக்கும் அது அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதனால் பெட்டி போகவேண்டும். நானும்தான் பார்த்தேன், என்னைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வைக்கமுடியவில்லை, அதனால் பெடலை அமுத்த உட்கார வைத்திருக்கிறார். விடு என்கிறார். வெக்கை தாங்கவில்லை, மேலே ஷெட்டுத் தகரம் காய்கிறது, எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு இனி முன்பக்கம்தான், சீக்கிரம் முடிஞ்சுரும் என்கிறார், குரலில் சந்தோஷம்.

முன்னால் இடது சக்கரம். நடுவில் அபி எட்டிப் பார்த்து, அம்மா, முட்டி வலிக்குதுங்களா, நான் வந்து அமுத்தட்டுமா என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ அங்கேயே இரு கண்ணு, ஆயில் தீர்ந்தா எல்லாம் போயிரும், அம்மா பாத்துக்குவா என்று இவரே பதில் சொல்லிவிட்டார். அவள் முகம் அவர் முகம், நெற்றியும் அந்தப் பிடிவாதமும், பொறந்ததிலிருந்தே அவர் பக்கம்தான், நான் பத்தியம் இருந்து பெற்றது அவருக்கு ஒரு ரசிகையை. அப்பா சொன்னா சரியா இருக்கும். இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. போன வாரம் அவளிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன், பெட்டி இருந்தா என்ன கெட்டுப்போச்சு, மழைக்காலமா வேற இருக்கு என்று. அதனாலதானேம்மா உங்க காலே போச்சு என்றாள். என் காலைக் காட்டி எனக்கே சொல்கிறாள். அந்தப் பெட்டியை நம்பறவங்க டிரைவரே இல்லையாம், கால் நல்லா இருந்தா போதுமாம், இதெல்லாம் யார் வாய் என்று தெரியாதா. டிராக்கோடு போனால்கூடப் பரவாயில்லை, அங்கே சுற்றிலும் டயர் அடுக்கி வைத்திருப்பார்கள். வண்டியை டிராக் வரைக்கும் அவளே ஓட்டிக்கொண்டு போவாளாம், கூட்டிக்கொண்டு போகமாட்டாராம், அப்போதுதான் வண்டி கைக்கு வருமாம், லாரியும் பஸ்ஸும் நாயும் ஆடும் போகிற ரோட்டில், தென்மேற்கு மழை எப்போது இறங்கும் என்று சொல்லமுடியாத மாசத்தில். அமுத்து. அமுத்துகிறேன். எனக்கு இப்போது டெம்போ தெரிகிறது, அன்றைக்குப் பார்க்காத டெம்போ, அதன் பின்பலகை, அதில் கட்டிய கயிறு, நனைந்த தார்ப்பாய், எல்லாம் தெரிகிறது. உள்ளே அவருடைய காலுக்குப் பதில் அபியின் கால், கொலுசு போடாத கால், நான் எண்ணெய் தேய்த்து நீவிவிட்ட கால். பிடி. சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி குறுக்கே திரும்பும், யாரும் எதையும் பிடித்துப் பிடித்து விடமாட்டார்கள். நான் சொல்லவேண்டும். சொன்னால் அடிபட்ட அதிர்ச்சி. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. விடு. சாமி, என் வாய்க்கு என்ன வந்தது, கால் உடைந்தது வாயும் சேர்ந்தா உடைந்தது. நகத்துக்கடியில் டேப் கொஞ்சம் கிளம்பிவிட்டது, இழுத்தேன், மஞ்சள் விளக்கு முழுசாக எரிகிறது.

கடைசிச் சக்கரம். முன்னால் வலது பக்கம், என் கதவுக்கு நேராக. கதவு திறந்திருக்கிறது, வெயிலுக்குப் பயந்து அவர் வண்டியை ஒட்டி உட்கார்ந்து கையை உள்ளே விட்டிருக்கிறார், முகம் தெரியவில்லை, நீட்டி வைத்த கால் மட்டும் என் கதவுக்குக் கீழே கிடக்கிறது. வலது கால். செருப்பில்லாமல், எண்ணெய்க் கறையோடு, கட்டைவிரலில் அந்தத் தழும்பு. இவ்வளவு நேரமும் நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேனோ அது என் கைக்கெட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டு கிடக்கிறது, ஆமாம், ஆட்டுகிறார், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தாளம் போடுகிறார். மாரப்பனாக இருந்தால் நிப்பிளில் ஒரு ட்யூப் சொருகி ஆயில் இருக்கிற பாட்டிலுக்குள் விட்டிருப்பார், அப்போது யார் காலை எடுத்தாலும் காற்று ஏறாது, எனக்கு ட்யூப் எதுக்கு, கைப்பழக்கம் போதும் என்றார் இவர். கைப்பழக்கம், கால்பழக்கம். அமுத்து என்கிறார். அமுத்துகிறேன். பிடி என்கிறார். ஸ்பானர் திரும்புகிறது, கீழே வைத்த டப்பாவில் ஆயில் சொட்டுகிற சத்தம், பெடல் இறங்குகிறது, பாதி வழி, முக்கால் வழி, தாளம் போடுகிற அந்தக் கால், தேங்கா பொறுக்கிட்டிருந்தா, டாக்டர்கிட்டச் சொல்லலாம், அப்பா சொன்னா சரியா இருக்கும், தரையை முட்டிவிட்டது, பிடித்துக்கொண்டிருக்கிறேன், முட்டிக்குள் கம்பி ஊசி மாதிரி குத்துகிறது. எடுத்துவிட்டேன். வெடுக்கென்று எடுத்துவிட்டேன். கீழே ஸ்ஸ் என்று ஒரு சத்தம், குழந்தை பாலை உறிஞ்சுகிறதுபோல, அவ்வளவு காற்றும் உள்ளே போனது. தாளம் நின்றது.

"கால எடுத்தியா?" என்றார்.

"இல்லீங்களே" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

"எடுத்தே. காத்து இழுத்துருச்சு."

"நான் முழுசா அமுத்திட்டுத்தானுங்க இருந்தேன். கால எடுக்கவே இல்ல. வண்டிதான் விட்டுருச்சு."

பானெட்டுக்கு அடியில் தெரிந்த கை அசையாமல் நின்றது. அவருக்குப் புரியவில்லை, கோபத்தில் புரியவில்லை, காலையிலிருந்து பார்த்த வேலை போய்விட்டது என்கிற கோபம். வண்டி எப்படிடி விடும் என்றார், கால் மேல இருந்தா அது எப்படி விடும், எடுத்தாத்தான் விடும், எனக்கென்ன தெரியாதா, எத்தனை வருஷமா பிரேக்கோட கிடக்கறேன் என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசி வார்த்தையில் தடுக்கி நின்றார். தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

"ஆமாங்க, எடுத்தாத்தான் விடும்" என்றேன். "அன்னைக்கு நான் கீழ குனிஞ்சிருந்தேன். உங்க காலு என் மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு. பெடல் ஆடுச்சு, நீங்க கால எடுத்துட்டீங்க. பெட்டி ஒண்ணும் பண்ணல. தேங்கா என் கையில இருந்துச்சு."

அவர் அபியிடம்தான் சொன்னார், அம்மாவுக்கு முட்டி வலி, வலியில என்னமோ பேசறா, நீ ஆயில் ஊத்து கண்ணு என்று. அவள் ஊற்றவில்லை. பாட்டிலின் மூடியைத் திருகி மூடுகிற சத்தம் கேட்டது, அப்புறம் பானெட்டைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து அவர் கால்மாட்டில் நின்றாள், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே. என்னைப் பார்க்கவில்லை. இப்போது இவளும் டாக்டரிடம் சொல்லலாம் என்று சொல்வாள், சொன்னால் நான் இந்த வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன், எழவே மாட்டேன்.

"அப்பா" என்றாள். "போன மாசம் காலேஜ் கிரவுண்டுல நம்ம இன்னொரு வண்டியில எனக்குச் சொல்லிக் குடுத்தீங்களே. பிரேக் போடறப்ப பெடல் ஆடுச்சுன்னா, யோசிக்காம கால எடுத்துரணும்னு."

எனக்கு இது தெரியாது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. பெட்டி இருக்கிற வண்டியில், ஆடினால் இன்னும் அழுத்தவேண்டிய வண்டியில், எடுத்துவிடு என்று என் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், கண்ணு கண்ணு என்று சொல்லிக்கொண்டே. 

"அன்னைக்கும் நீங்க அதைத்தான் பண்ணுனீங்களாங்க?" என்றாள் அபி.

நீட்டிக் கிடந்த காலில் விரல்கள் உள்ளே மடங்கின. தகரத்தின் மேல் ஏதோ இலை விழுந்து காற்றில் உரசிக்கொண்டு போனது. அவள் அவசரப்படவில்லை, நான் இவ்வளவு வருஷம் இருந்ததைவிடப் பொறுமையாக நின்றாள், அப்புறம்தான் அடுத்ததைக் கேட்டாள்.

"அந்தப் பெட்டி எங்கீங்கப்பா?"

சக்கரம் இல்லாத அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது, சிமெண்ட் மூட்டைக்குப் பின்னாடி, சாக்குல சுத்தி வெச்சிருக்கேன் என்று. அபி அந்தப் பக்கம் போனாள். மூட்டையை நகர்த்துகிற சத்தம் கேட்டது. என் கோபம் தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது அப்படியே இருந்தது, கொஞ்சம் கூடிக்கூட இருந்தது. பெடலை ஒரு தடவை அமுத்திப் பார்த்தேன், உள்ளே வெறும் காற்று, தடுக்க எதுவும் இல்லாமல் தரை வரைக்கும் போனது. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். அவர் விடு என்று சொல்லவில்லை. நானாகக் காலை எடுத்துக்கொண்டு, கதவைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.